தரையைத் தோண்டினீர்களா? மூடுவதற்கு முன் ஒரு நிமிடம்!

சமையல் அறையில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்ற வேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டி ஜன்னல் ஓரத்துக்குப் போக வேண்டும். பல வீடுகளில் இந்த ஆசை உண்டு. ஆசை நியாயமானதுதான். நல்ல வெளிச்சத்தில் நின்று பாத்திரம் துலக்கினால் கண்ணுக்கும் நல்லது, மனதுக்கும் நல்லது.

பிளம்பர் வருகிறார். தரையை உடைக்கிறார். குழாயைப் போடுகிறார். போய்விடுகிறார். மறுநாள் கொத்தனார் வருகிறார். தோண்டிய மண்ணையும் உடைந்த கல்லையும் பள்ளத்தில் தள்ளுகிறார். மேலே நாலு சட்டி கலவையைக் கொட்டித் தேய்க்கிறார். வேலை முடிந்தது! வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

ஐப்பசி பிறக்கிறது. அடைமழை பிடிக்கிறது. பள்ளம் இருந்த இடத்தில் மட்டும் தரை கறுத்துத் தெரிகிறது. துடைத்தால் போகவில்லை. சுவர் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கிறது. மூலையில் இருந்த அரிசி மூட்டையைத் தூக்கினால் அடிப்பாகம் நனைந்து, பூஞ்சண வாடை அடிக்கிறது.

"குழாய் ஒழுகுகிறது" என்கிறார் கொத்தனார். "மூடியது சரியில்லை" என்கிறார் பிளம்பர். யார் சொல்வது உண்மை? இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்! ஆனால் தரையை மறுபடியும் உடைத்தால்தான் அது தெரியும். அந்தச் செலவு இருவர் தலையிலும் விழாது. உங்கள் தலையில்தான் விழும்.

இந்தச் செலவைத் தவிர்க்க வழி உண்டு. பள்ளம் திறந்திருக்கும் இரண்டு, மூன்று நாளில் சில காரியங்களை நம் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான். அதற்கு இன்ஜினீயர் படிப்புத் தேவையில்லை.

தரைக்கு அடியில் என்ன இருக்கிறது?

முதலில் தரை எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொள்வோம். அஸ்திவாரச் சுவருக்குள் மணல் நிரப்பித் தண்ணீர் விட்டு இடிக்கிறார்கள். அதன்மேல் சுமார் 4 அங்குல கனத்துக்கு ஒன்றரை ஜல்லி போட்ட கான்கிரீட். அதற்கும் மேல் கலவை. கடைசியில் டைல்ஸோ, மொசைக்கோ, சிவப்புச் சிமெண்டோ. பழைய வீடுகளில் சிமெண்டுக்குப் பதில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த கான்கிரீட் இருக்கும்.

மண்ணில் எப்போதும் ஈரம் உண்டு. அந்த ஈரம் கீழேயே இருக்காது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதுபோல மண்ணிலும் கல்லிலும் உள்ள நுண்ணிய துளைகள் வழியாகத் தண்ணீர் மேலே ஏறும். இதைத்தான் ஓதம் என்கிறோம்.

துளை எவ்வளவு சிறியதோ அவ்வளவு உயரம் தண்ணீர் ஏறும். களிமண்ணில் பல அடி ஏறும். பெருமணலில் சில அங்குலத்தோடு நின்றுவிடும். தரைக்கு அடியில் மணலை நிரப்பினார்களே, அது பள்ளத்தை மேடாக்க மட்டுமல்ல. ஓதத்தின் திரியை அறுத்துவிடவும்தான்.

இப்போது பள்ளத்தில் கொத்தனார் எதைத் தள்ளினார் என்று நினைத்துப் பாருங்கள். தோண்டும்போது அடியிலிருந்து வந்த களிமண்ணை! மணல் இருந்த இடத்தில் மண் வந்துவிட்டது. அறுத்து வைத்திருந்த திரியை நாமே முடிச்சுப் போட்டு இணைத்துவிட்டோம். பக்கத்துத் தரை காய்ந்திருக்க, பள்ளத்தின் மேல் மட்டும் ஈரம் தெரிவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

ஆகவே தோண்டிய மண் வீட்டுக்கு வெளியே போகட்டும். பள்ளத்துக்குள் புது மணல் வரட்டும். ஆற்று மணலானாலும் சரி, கழுவிய எம்-சாண்டானாலும் சரி. கடல் மணல் மட்டும் வேண்டாம். அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தையே இழுக்கும்.

கண்ணுக்குத் தெரியாத தாள்

கவனமாகக் கட்டிய வீடுகளில் மணலுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஒரு பாலிதீன் தாளை விரித்திருப்பார்கள். கனமான தாள், 250 மைக்ரான் அளவுக்கு இருக்கும். இதுதான் தரையின் ஓதத்தடுப்பு. திரியில் ஏறிவரும் தண்ணீர் இந்தத் தாளில் முட்டி நின்றுவிடும்.

இந்தப் பாலிதீன் பிறந்த கதை வேடிக்கையானது. 1933-ம் ஆண்டு இங்கிலாந்தில் நார்த்விச் என்ற ஊரில், கிப்சன், பாசெட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் வேறு ஏதோ ஒரு பரிசோதனை செய்தார்கள். எதிர்பார்த்தது வரவில்லை. பாத்திரத்தில் மெழுகுபோல வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மெழுகுதான் இன்று பை ஆகி, குழாய் ஆகி, நம் வீட்டுத் தரைக்கும் பாய் விரித்திருக்கிறது.

தரையை உடைக்கும்போது இந்தத் தாள் கிழிந்துவிடும். கிழியாமல் உடைக்க யாராலும் முடியாது. அது குற்றம் அல்ல. கிழிந்ததை ஒட்டாமல் மூடுவதுதான் குற்றம்.

"மேஸ்திரி, அடியில் ஒரு தாள் இருந்ததே, அது எங்கே?"

"அதுவா அம்மா, உடைக்கும்போதே கிழிஞ்சு போச்சு. பரவாயில்லை. சிமெண்டைக் கொஞ்சம் கூடப் போட்டு மூடிவிடுகிறேன்."

இந்தப் பதிலில் திருப்தி அடைந்துவிடாதீர்கள். சிமெண்டு தாளின் வேலையைச் செய்யாது. எவ்வளவு சிமெண்டு போட்டாலும் சாதாரணக் கான்கிரீட்டில் நுண்ணிய துளைகள் இருக்கவே செய்யும். அதுவும் ஒரு திரிதான். கொஞ்சம் மெதுவான திரி.

ஒட்டுப் போடுவது எப்படி?

கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடும்போது என்ன செய்கிறோம்? கிழிசலைவிடப் பெரிய துண்டை வெட்டி, நல்ல துணியின் மேல் படியும்படி வைத்துத் தைக்கிறோம். தரையின் தாளுக்கும் அதே முறைதான்.

புதுத் தாள் பழைய தாளின் மேல் நான்கு பக்கமும் 6 அங்குலமாவது படிய வேண்டும். அதற்குப் பழைய தாள் 6 அங்குலம் வெளியே தெரிய வேண்டும் அல்லவா? ஆகவே மேலே உள்ள கான்கிரீட்டைக் குழியைவிட அகலமாக உடைக்க வேண்டும். குழி 1 அடி அகலம் என்றால், கான்கிரீட் திறப்பு 2 அடி அகலம் இருக்கட்டும். உளியால் கண்டபடி கொத்துவதைவிட, கட்டிங் மெஷினால் நேர்கோடாக அறுத்துக்கொண்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பதமாகத் தட்டி எடுத்தால் பழைய தாள் பிழைக்கும். இந்த அதிகப்படி உடைப்புக்குக் கொத்தனார் முகம் சுளிப்பார். கூலி பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

பிறகு பழைய தாளை ஈரத் துணியால் துடையுங்கள். உலரவிடுங்கள். தூசியின்மேல் எந்தப் பசையும் ஒட்டாது. இருபக்கமும் ஒட்டும் பியூட்டைல் நாடா கடைகளில் கிடைக்கிறது. அதை வைத்துப் புதுத் தாளை அழுத்தி ஒட்டுங்கள். பார்சல் கட்டும் காகித நாடா இதற்கு உதவாது. ஈரத்தில் ஊறிக் கழன்றுவிடும்.

குழாய் தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும் இடம் ஒன்று உண்டு. எல்லோரும் மறப்பது அதைத்தான். அந்த இடத்தில் தாளில் சிறு துளை போட்டு, குழாயை அதன் வழியே விட்டு, கழுத்தைச் சுற்றி நாடாவை இறுகச் சுற்ற வேண்டும். சட்டைக்குக் கழுத்துப் பட்டி வைப்பதுபோல! இதில் இன்னொரு லாபமும் உண்டு. கறையான் வீட்டுக்குள் புகுவதற்குக் குழாயை ஒட்டிய சந்து மிகவும் வசதியான வழி. சந்தை அடைத்தால் அந்த வழியும் அடைபடும். வீட்டுக்குக் கறையான் மருந்து அடித்திருந்தால், தோண்டிய இடத்தில் அந்த மருந்து மண்ணோடு போய்விட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். மூடுவதற்கு முன் அங்கே மட்டும் மறுபடியும் அடிக்கச் சொல்ல வேண்டும்.

சுவர் ஓரம் வரை பள்ளம் போயிருந்தால் தாளைச் சுவரை ஒட்டி மேலே மடித்து, சுவருக்குள் இருக்கும் ஓதத்தடுப்பு மட்டம் வரை கொண்டுபோக வேண்டும். கொத்தனார்கள் இதை டி.பி.சி. என்பார்கள். தரையில் வழி கிடைக்காத ஈரம் சுவர் ஓரமாகத்தான் வழி தேடும்.

தாளே இல்லாத வீடு

"எங்கள் வீடு தாத்தா கட்டியது. உடைத்துப் பார்த்தோம். தாளும் இல்லை, கீளும் இல்லை" என்று சிலர் சொல்லலாம். நம் ஊர்ப் பழைய வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான்.

அந்த வீடுகளில் பள்ளத்துக்கு மட்டும் தாள் போட்டால் பள்ளம் காய்ந்திருக்கும். பக்கத்துத் தரை பழையபடியே இருக்கும். இதுவரை ஓதம் இல்லாத தரை என்றால் அதுவே போதும். மணலை ஒழுங்காக நிரப்பி, தாளைப் பள்ளத்தின் அகலத்துக்கு விரித்து, மேலே கான்கிரீட் போடுங்கள். கான்கிரீட் இறுகி உலர்ந்த பிறகு, புதுத் தரையும் பழைய தரையும் சேரும் கோட்டின்மேல், இரு பக்கமும் 6 அங்குலம் வரை நீர்ப்புகாப் பூச்சு இரண்டு தடவை அடியுங்கள். சிமெண்டுத் தூளையும் பால் போன்ற திரவத்தையும் கலந்து பூசும் பூச்சுகள் இதற்கு ஏற்றவை. டைல்ஸ் அதன்மேல் ஒட்டும். முதல் பூச்சைக் கிழக்கு மேற்காக அடித்தால், இரண்டாவதை வடக்குத் தெற்காக அடிக்க வேண்டும். விட்டுப்போன இடம் அப்போது நிரம்பிவிடும்.

தரை முழுவதுமே ஓதமாக இருந்தால் கதை வேறு. பள்ளத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை. அறை முழுவதற்கும் பூச்சுத் தேவை. சுவரின் ஓதத்தடுப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தரையை மட்டும் அடைத்தால் ஈரம் சுவரில் ஏறிப் பூச்சைப் பொரிய வைக்கும். வீட்டை நேரில் பார்த்த ஒருவரிடம் யோசனை கேட்பதே இதற்கு நல்லது.

குழாயைச் சோதித்தீர்களா?

தாளைப் பற்றிப் பேசும் ஆசையில் குழாயை விட்டுவிட்டோம். ஒழுகும் குழாயின்மேல் தாள் விரித்து என்ன பயன்?

குழாய்களை ஒட்டிய பசை இறுக நேரம் கொடுங்கள். 24 மணி நேரம் பொறுத்தால் கவலையில்லை. பிறகு இரவில் வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். மோட்டார் போட வேண்டாம். மாடித் தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். காலையில் பாருங்கள். கோட்டிலேயே நின்றால் நல்லது. இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. கழிப்பறைத் தொட்டியும் திருட்டுத்தனமாக ஒழுகும்; அதையும் பார்த்துவிட்டுப் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

கழிவு நீர்க் குழாய்க்கு வேறு சோதனை. வெளியே முடியும் வாயை ரப்பர் அடைப்பானால் அடைத்து, உள்ளே தண்ணீர் ஊற்றி நிரப்பி, அரை மணி நேரம் மட்டத்தைக் கவனியுங்கள். இணைப்புகளைக் கையால் தடவிப் பாருங்கள். சரிவையும் பாருங்கள். 10 அடி நீளத்துக்கு 3 அங்குலம் சரிவு இருந்தால் சோற்றுப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் தங்காமல் ஓடும்.

இனி வேண்டாம் என்று விட்டுவிட்ட பழைய குழாயை என்ன செய்தார்கள்? தரைக்குள் பாதியில் அறுத்து மூடியிருந்தால் ஆபத்து. அது மெயின் குழாயிலிருந்து பிரியும் இடத்திலேயே அடைபட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் அதில் நின்றுகொண்டே இருக்கும். பழைய இரும்புக் குழாயானால் துருப்பிடித்து ஒருநாள் பொத்துக்கொள்ளும். பழைய கழிவு நீர்த் துளையையும் அடைக்க வேண்டும். அங்கேதான் கரப்பானும் எலியும் காத்திருக்கின்றன.

எல்லாம் சரியாக இருந்தால், மூடுவதற்கு முன் பள்ளத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது கைத்தொலைபேசி இல்லாத வீடு எது? சுவரிலிருந்து குழாய்க்கு எத்தனை அடி என்று அளவு நாடாவை நீட்டி வைத்து எடுங்கள். நாளைக்கு யாராவது அலமாரிக்குத் துளை போட வரும்போது அந்தப் படம் பேசும்.

மணல், கலவை, தண்ணீர்

இனி மூடலாம். குழாயைச் சுற்றிலும் கல் இல்லாத மணல். அதை ஒரேயடியாகக் கொட்டாமல், 6 அங்குலம் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். பிறகு அடுத்த 6 அங்குலம். குழாய்க்கு நேர் மேலே கையால் அழுத்தினால் போதும். இடிக்காத மணல் பிறகு இறங்கும். தரை மேலே தொங்கும். தட்டினால் 'டொக் டொக்' என்று கேட்கும். அப்புறம் வெடிக்கும்.

கான்கிரீட்டுக்கு 1 பங்கு சிமெண்டு, 2 பங்கு மணல், 4 பங்கு முக்கால் ஜல்லி. ஒரு மூட்டைச் சிமெண்டுக்கு 25 முதல் 30 லிட்டர் தண்ணீர் தாராளம். கரணைக்கு வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்று சிலர் குடம் குடமாக ஊற்றுவார்கள். அந்த அதிகத் தண்ணீர் பிறகு ஆவியாகும். அது இருந்த இடம் துளையாக நிற்கும். அந்தத் துளைதான் ஓதத்தின் ஏணி. 10 அடி நீளம், 2 அடி அகலத் திறப்பை 4 அங்குல கனத்துக்கு மூட ஒன்றேகால் மூட்டைக்கு மேல் ஆகாது. இதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

கலவை போடுமுன் பழைய கான்கிரீட்டின் ஓரத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, நனைத்து, சிமெண்டுப் பால் தடவ வேண்டும். அப்போதுதான் புதியதும் பழையதும் கைகோக்கும். தாளின்மேல் செருப்புக் காலோடு நடக்கவும், ஜல்லிச் சட்டியை இழுக்கவும் விடாதீர்கள். பாடுபட்டு ஒட்டிய தாள் ஒரு கூரான கல்லில் கிழிந்துவிடும்.

ஒரு வார்த்தை உடம்பைப் பற்றியும். கான்கிரீட்டை அறுக்கும் தூசி நுரையீரலுக்குப் பகை. நனைத்துக்கொண்டே அறுக்கச் சொல்லுங்கள், மூக்கை மூடிக்கொள்ளட்டும். ஈரச் சிமெண்டு கையையும் காலையும் புண்ணாக்கும். சித்தாளுக்கும் கையுறை வாங்கிக் கொடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இரவு பள்ளத்தைப் பலகையால் மூடாமல் படுக்கக் கூடாது.

"ஈரம் கூடாது என்கிறீர்கள், பிறகு தண்ணீர் ஊற்று என்கிறீர்களே!" என்று இல்லத்தரசிகள் கேட்பது உண்டு. நல்ல கேள்வி. சிமெண்டு காய்ந்து இறுகுவது இல்லை. தண்ணீரோடு சேர்ந்து கல்லாக மாறித்தான் இறுகுகிறது. போர்ட்லண்ட் சிமெண்டுக்கு 1824-ல் காப்புரிமை வாங்கியவர் ஜோசப் ஆஸ்ப்டின். அவரும் ஒரு கொத்தனார்தான். மறுநாளிலிருந்து பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். அல்லது ஈரச் சாக்குப் போட்டு நனைத்து வாருங்கள். சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள். சாம்பல் கலந்த சிமெண்டுக்கும் வெயில் காலத்துக்கும் குறைந்தது 10 நாள். 14 நாள் என்றால் இன்னும் நல்லது. கடைகளில் இப்போது அதிகம் விற்பது சாம்பல் கலந்ததுதான். மூட்டையில் பி.பி.சி. என்று போட்டிருக்கும்.

அதன் பிறகுதான் உலரவிட வேண்டும். சிமெண்டில் பதிக்கும் டைல்ஸுக்கு அதிகம் காத்திருக்கத் தேவையில்லை. மரப் பலகையோ, வினைல் விரிப்போ போடுவதானால் அவசரப்படக் கூடாது. மேல் கலவை ஒரு மில்லிமீட்டர் உலர ஒரு நாள் என்பது வேலை தெரிந்தவர்கள் சொல்லும் கணக்கு. 2 அங்குலக் கலவைக்கு அதுவே 50 நாள்! கான்கிரீட் உலர அதற்கும் மேலாகும்.

உலர்ந்துவிட்டதா என்று அறிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுரத்தில் தெளிவான பிளாஸ்டிக் தாளை வெட்டித் தரையில் வைத்து, நான்கு ஓரத்தையும் நாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். 16 மணி நேரம் கழித்துப் பிரியுங்கள். தாளின் அடிப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் கீழிருந்து வருகிறது. மேற்பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் அது சமையல் ஆவி. ஜன்னலைத் திறந்தால் தீரும்.

வேலைக்கு ஏற்ற காலம் தை, மாசி. மழையும் இல்லை, கடும் வெயிலும் இல்லை. இப்போது முடித்த வேலை எப்படி என்று அடுத்த கார்த்திகையில் தெரியும். நாலு நாள் நல்ல மழை பெய்தபின் அதே இடத்தில் அதே பிளாஸ்டிக் தாளை இன்னொரு முறை ஒட்டிப் பாருங்கள். அடிப்பக்கம் காய்ந்திருந்தால் அந்த மூலையில் எதையும் வைக்கலாம்.